மூலதன மாற்றம் என்றொரு வார்த்தை

கூடுவாஞ்சேரியில் எட்டு இருபத்தெட்டு வண்டியைப் பிடித்தால் ஜன்னலோரம் கிடைக்கும், எட்டு நாற்பதுக்கு வந்தால் தொங்குவதற்கு ஒரு கைப்பிடி கிடைத்தாலே பெரிசு, செல்வநாயகி பத்தொன்பது வருஷமாக எட்டு இருபத்தெட்டுதான், அதிலும் பெண்கள் பெட்டியில் வலதுபக்க மூன்றாவது ஜன்னல், வேறு யாராவது அதில் உட்கார்ந்திருந்தால் அவள் ஒன்றும் சொல்ல மாட்டாள், பக்கத்தில் போய் நிற்பாள், அவ்வளவுதான், அவர்களே நகர்ந்துகொள்வார்கள். அப்படி ஒரு நிற்பு அவளுக்கு. அலுவலகத்தில் அந்த நிற்பைப் பற்றிக் கேலி உண்டு என்பதும் தெரியும், தெரிந்து உள்ளூரச் சந்தோஷப்படுகிறவள்தான். இன்றைக்கு எழுப்ப ஆளில்லை, ஜன்னல் காலியாகவே இருந்தது, உட்கார்ந்து புடவைக் கொசுவத்தை ஒருமுறை நீவிவிட்டாள், மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை போட்ட பட்டு, பதினோரு மணிக் கூட்டத்துக்காகவே போன வாரம் இஸ்திரிக்குக் கொடுத்து வாங்கியது. பொருளாதார அளவீட்டு நிலையத்தின் வருடாந்தர அறிக்கையைக் குழுவின் முன்னால் வைக்கிற நாள் இது. அந்த அறிக்கையில் இருபத்திரண்டு வரிசை எண்கள், அதில் பதினோராவது வரிசை அவளுடையது, நிதிசாரா நிறுவனங்களின் மூலதன மாற்றங்கள், ஆபீஸ் முழுக்க அதை செல்வநாயகி வரிசை என்றுதான் சொல்வார்கள், பியூன் முதற்கொண்டு. ஆறு வருஷத்தில் முப்பத்தெட்டு கோடி நூற்றுப் பதினேழு கோடியாக ஏறியிருக்கிறது. மூன்று மடங்கு. இயக்குநர் தாமோதரன் அந்த ஒரு வரிசைக்காகவே பளபளவென்று தனிப் புத்தகம் போட்டுவிட்டார், அட்டையில் ஏறுமுகமாக ஒரு கோடு, மேலே 'கொடுக்கும் கரங்கள்' என்று தலைப்பு, எண்ணூறு பிரதி அச்சாகி வந்து கட்டுப் பிரிக்காமல் கிடக்கிறது. முதல் பக்கத்தில் அவள் பெயர். எவ்வளவு அழகாக ஏறுகிறது அந்தக் கோடு, ஒரு வருஷம்கூடச் சறுக்காமல், கைபிடித்து வளர்த்த பிள்ளை மாதிரி. அந்தக் கோடு பொய் என்று நேற்று மாலை நாலரை மணியிலிருந்து அவளுக்குத் தெரியும். அவளுக்கு மட்டும்தான் தெரியும். வண்டி ஊரப்பாக்கத்தில் நின்று புறப்பட்டது.

அதை இப்போது நினைக்க வேண்டாம், வண்டலூர் வரைக்குமாவது வேண்டாம் என்று தனக்குத்தானே ஒரு சலுகை கொடுத்துக்கொண்டு அவள் வார்த்தையை நினைத்தாள், ஏனென்றால் வார்த்தை அவளுடையது, அதை நினைத்தால் எப்போதும் நெஞ்சு கொஞ்சம் நிமிரும். ஆறு வருஷத்துக்கு முன்னால் நிறுவனங்களுக்கு அனுப்பும் படிவத்தைத் தமிழிலும் அடிப்போம் என்று முடிவானபோது, கேபிடல் டிரான்ஸ்ஃபர் என்பதற்குத் தமிழில் என்ன போடுவது என்று எட்டுப் பேர் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, போண்டா ஆறிப்போக, மூன்று மத்தியானம் சண்டை போட்டார்கள். ஒருவர் மூலதனக் கைமாற்று என்றார், அறையே சிரித்தது, பக்கத்து வீட்டில் ஐந்நூறு ரூபாய் கைமாற்று வாங்குகிற மாதிரி கம்பெனிக்காரன் எழுதித் தொலைப்பான் என்று. இன்னொருவர் மூலதன மாறுதல் என்றார், மாறுதல் என்று காதில் விழுந்ததும் இரண்டு பேருக்கு முகம் வெளுத்துவிட்டது, ராமநாதபுரத்துக்குத் தூக்கியடித்த ஞாபகம். கொடை என்று ஒருவர், கொடை என்றால் எங்கள் ஊரில் அம்மனுக்கு எடுப்பது, கரகாட்டம் உண்டா என்று திருநெல்வேலிக்காரர் கேட்டார். கடைசியில் செல்வநாயகி எழுந்தாள், அந்த நிற்பு நின்றாள், மூலதன மாற்றம் என்றாள். சுத்தமாக இருந்தது. வழவழவென்று இருந்தது. யாருக்கும் எதிர்த்துச் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. அப்போது புதிதாகச் சேர்ந்திருந்த ஜெசிந்தா, தூத்துக்குடிப் பெண், எதையும் "ஒரு டவுட்டு மேடம்" என்று ஆரம்பிப்பவள், "மேடம், ஒரு டவுட்டு, மாற்றம்னா சேஞ்சுன்னுகூட நெனப்பாங்களே" என்றாள். வார்த்தைக்குக் கீழே போடலாம் என்று பென்சிலில் இரண்டு வரி எழுதியும் நீட்டினாள், 'உங்கள் நிறுவனம் எதையும் திரும்பக் கேட்காமல் பிறருக்குக் கொடுத்துவிட்ட சொத்து: கட்டடம், பாலம், நிலம், இயந்திரம் அல்லது அவை வாங்கக் கொடுத்த பணம்.' செல்வநாயகி அதைப் படித்தாள். நன்றாகவே இருந்தது, அதுதான் எரிச்சல். படிவம் ஒரே பக்கத்துக்குள் அடங்க வேண்டும் என்று ஒரு காரணம் கையில் தயாராக இருந்தது. "வார்த்தையே விளங்குறப்போ வெளக்கம் எதுக்கும்மா" என்று சொல்லி இரண்டு வரியையும் குறுக்கே ஒரு கோடு போட்டு அடித்தாள், மையால், பென்சிலுக்கு மேல் மை. ஜெசிந்தா "சரி மேடம்" என்றாள். அவ்வளவுதான் நடந்தது. இதில் என்ன இருக்கிறது, மேலதிகாரி ஒரு வரி அடிப்பது உலகத்தில் நடக்காததா, பெருங்களத்தூர் ஏரியில் தண்ணீர் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தாள், இருந்தது, கொஞ்சம் ஆகாயத்தாமரையும் இருந்தது.

தாம்பரத்தில் பானுரேகா ஏறினாள், வங்கிக்காரி, எழும்பூர்க் கிளையில் வேலை, பதினைந்து வருஷ ரயில் சிநேகிதம், வீட்டு விலாசம் இருவருக்கும் தெரியாது, ஆனால் மாமியார் சமாசாரம் வரைக்கும் எல்லாம் தெரியும். "என்ன செல்வி, பட்டெல்லாம் பலமா இருக்கு, பொண்ணு பாக்க வர்றாங்களா?" என்று இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "இன்னிக்கு என் வரிசைய மேடையேத்துறாங்க" என்றாள் செல்வநாயகி, சொல்லும்போதே குரல் தானாக உயர்ந்தது, பொய்யைச் சொல்கிறோம் என்ற கூச்சம் வருவதற்குள் சொல்லி முடித்தாகிவிட்டது. "அதென்ன வரிசை, அப்பப்ப சொல்றீங்க, எங்க பேங்க்கெல்லாம் அதுல வருமா?" "உங்க பேங்க் வராது. பணத்தையே சரக்கா வச்சு விக்கிறவங்களுக்கு வேற அறை. துணி நெய்யிறவன், பஸ் ஓட்டுறவன், ஆஸ்பத்திரி நடத்துறவன், சிமெண்டு அரைக்கிறவன், இவங்கதான் எங்க ஆளுங்க." பிறகு அவளால் நிறுத்த முடியவில்லை, அவளுக்குப் பிடித்த இடம் அது, எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறாள், சொல்லச் சொல்ல இனிக்கிற இடம். "உங்க பொண்ணுக்கு மாசாமாசம் ஹாஸ்டலுக்கு அனுப்புறீங்க, அது ஒரு கொடுப்பு. சாப்பாட்டுல போயிரும். நாளைக்கு அவ பேர்ல ஒரு ஃபிளாட் எழுதி வைக்கிறீங்க, அது வேற கொடுப்பு. உங்க சொத்துல கொறையும், அவ சொத்துல ஏறும், நீங்க பதிலுக்கு ஒண்ணும் வாங்கிக்கல. அந்த ரெண்டாவதத்தான் நாங்க எண்ணுறோம், கம்பெனிங்களுக்கு." லாபத்தைப் பார்த்தால் ஒரு நிறுவனம் என்ன சம்பாதித்தது என்று தெரியும், முதலீட்டைப் பார்த்தால் தனக்கென்று என்ன கட்டிக்கொண்டது என்று தெரியும், ஆனால் கட்டியதைப் பிறர் கையில் கொடுத்துவிட்டு விலகியது எவ்வளவு என்பதை இந்த ஒரு வரிசைதான் காட்டும், ஒரு மாநிலத்தில் சொத்து எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் நகருகிறது என்று பார்க்க இதைவிட்டால் வேறு ஜன்னல் கிடையாது. "அப்போ தர்மக் கணக்குன்னு சொல்லுங்க" என்றாள் பானுரேகா. "ஐயோ, அதில்ல. மனசாரக் குடுத்தானா, மனை போடுறப்போ ரோட்டை ஒப்படைக்கணும்னு சட்டம் சொன்னதால குடுத்தானா, அதையெல்லாம் என் வரிசை கேக்காது. குடுத்தியா, திரும்பி வருமா வராதா, அவ்வளவுதான் கேள்வி." சொல்லி முடித்ததும் அவளுக்கே சுருக்கென்றது, இவ்வளவு தெளிவாக வாய்க்கு வருகிற கேள்வியைத்தானே படிவத்தில் கேட்டிருக்க வேண்டும், எத்தனை ரயிலில் எத்தனை பேரிடம் கேட்டாயிற்று, படிவத்தில் மட்டும் கேட்கவில்லை. பானுரேகா டிபன் டப்பாவைத் திறந்து நெல்லிக்காய் ஒன்றைக் கொடுத்தாள்.

நெல்லிக்காயின் புளிப்பு காது வரைக்கும் ஏறியது, அதோடு நேற்று நாலரை மணிக்கு ஆபீஸ் போனில் வந்த அந்தக் குரலும் ஏறிவிட்டது, குரோம்பேட்டை தாண்டியிருக்காது. "ஏனுங்க மேடம், கரூர்ல இருந்து பேசறனுங்க, பொன்காளி நூற்பாலை, சென்னியப்பனுங்க, கணக்குப் பாக்கறவனுங்க." அவளும் கரூர்ப் பக்கம்தான், பசுபதிபாளையம், அந்த ஏனுங்க காதில் விழுந்தால் உடனே மனசு இளகும், என்ன வேணும் சொல்லுங்க என்று உட்கார்ந்து கேட்டாள். பெரிதாக ஒன்றுமில்லை, போன வருஷப் படிவத்தில் ஒரு சைபர் கூடிவிட்டது, திருத்த வேண்டும், பதினோராவது கேள்வியில் நாற்பது லட்சம் என்பதற்கு நாலு கோடி விழுந்துவிட்டது. நல்ல மனுஷன், யாரும் கேட்காமலே கூப்பிட்டுச் சொல்கிறான், இந்தக் காலத்தில் இப்படி ஒருவன், அவள் திருத்திக் குறித்துக்கொண்டே சும்மா பேச்சுக்குத்தான் கேட்டாள், "நாப்பது லட்சத்துக்கு யாருக்கு என்ன குடுத்தீங்க?" மறுமுனை திருப்பிக் கேட்டது, "குடுக்கறதுங்களா? யாருக்கும் குடுக்கலீங்களே. மூலதன மாற்றம்னுதானுங்க கேட்டிருக்கு? எங்க மாப்பளயும் பங்குதாரரா சேந்தாருங்க, நாப்பது லட்சம் மூலதனம் கூடுச்சுங்க. மூலதனம் மாறுனதத்தானுங்க போட்டோம்." பேனா நின்றுவிட்டது. எத்தனை வருஷமாக அப்படிப் போடுகிறீர்கள் என்று கேட்ட குரல் அவளுடையது மாதிரியே இல்லை. "மொதல்ல இருந்தே அப்படித்தானுங்க. கூடுனா கூடுனது, கொறஞ்சா கொறஞ்சது. இங்க அசோசியேசன்ல நான்தானுங்க எல்லார்த்துக்கும் சொல்லிக் குடுத்தது, தமிழ்ல இருக்கறது நல்லா வெளங்குதுங்க மேடம்." நல்லா வெளங்குது. அவள் அதைவிட்டு வேறு எதையாவது பற்றிக்கொள்ள வேண்டும்போல, நிறுவனம் யாருக்காவது நிலமோ கட்டடமோ கொடுத்தது உண்டா என்று கேட்டாள். "அப்படியெல்லாம் இல்லீங்க. வாய்க்காலுக்குக் குறுக்க ஒரு பாலம் கட்டுனமுங்க, புள்ளைங்க பள்ளிக்கோடத்துக்கு மூணு மைல் சுத்திப் போச்சுங்கன்னு, ஒரு கோடியே பன்னண்டு லட்சம் ஆச்சு, கட்டி முடிச்சுப் பஞ்சாயத்துக்கே எளுதிக் குடுத்துட்டமுங்க." அதை ஏன் எழுதவில்லை? சென்னியப்பன் சிரித்தான், கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்ட மாதிரி. "அது ஊருக்குக் குடுத்ததுங்க மேடம். அதப் போயி எதுக்குங்க எளுதோணும்?" நன்றி சொல்லி வைத்துவிட்டு அலமாரியைத் திறந்தாள், கைக்கு வந்த முப்பது தமிழ்ப் படிவங்களை எடுத்தாள், நாலாவது கேள்வியில் பங்கு மூலதனம் இருக்கிறது, போன வருஷத்தையும் இந்த வருஷத்தையும் கழித்துப் பார்த்தாள், பதினோராவது கேள்வியோடு ஒப்பிட்டாள். இருபத்தாறில் அதே எண். ரூபாய் பிசகாமல் அதே எண். அலமாரியைப் பூட்டினாள், சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். அந்தச் சாவி இப்போது மடிமேல் இருக்கும் பையில் கிடக்கிறது.

ஆக அந்தக் கோடு என்ன, பல்லாவரத்தில் யாரோ இறங்கி யாரோ ஏறி மல்லிகை வாசனையும் வியர்வையும் மாறி மாறி அடிக்க அவள் அதை விரல்நுனியால் கைப்பையின் மேல் வரைந்து பார்த்தாள், முதல் வருஷம் தொண்ணூறு தமிழ்ப் படிவம், பிறகு நூற்றெழுபது, பிறகு முந்நூறு, இப்போது அறுநூற்று நாற்பது, அந்தக் கோடும் இதே மாதிரிதானே ஏறியது, இரண்டும் சேர்ந்து ஏறுவதைக் காட்டிப் போன வருஷம் ஒரு கருத்தரங்கில் அவள் பேசியிருக்கிறாள், சொந்த மொழியில் கேட்டால் மனுஷன் ஒளிக்காமல் சொல்கிறான் என்று, கைதட்டல் அடங்க நேரமானது. கடவுளே. கொடுப்பது கூடவில்லை, அவள் வார்த்தையைத் தப்பாகப் படித்தவர்கள் கூடியிருக்கிறார்கள், அட்டையில் ஏறுவது அதுதான், அவளுடைய அகம்பாவத்தின் வருடாந்தரப் புள்ளிவிவரம். இங்கே அவளுக்குச் சிரிப்பு வந்தது, வரக்கூடாத இடத்தில் வருகிற சிரிப்பு, பானுரேகா திரும்பிப் பார்த்தாள். சொல்லாமல் இருந்துவிட்டால்? யாருக்குத் தெரியும்? சென்னியப்பன் திருத்தம் கேட்டான், திருத்தியாயிற்று, முடிந்தது. ஓய்வுக்குப் பதினான்கு மாதம் இருக்கிறது. அடுத்த வருஷப் படிவத்தில் மெல்ல இரண்டு வரியைச் சேர்த்துவிடலாம், கோடு கொஞ்சம் சரியும், பொருளாதார மந்தம் என்று ஒரு காரணம் சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள், மந்தம் என்ற சொல்லை யார்தான் சந்தேகப்படப் போகிறார்கள். திரிசூலத்தில் விமானம் ஒன்று தலைக்கு மேல் இறங்கியது, பெட்டி முழுக்க அந்தச் சத்தம், அதற்குள் யாரும் எதுவும் பேச முடியாது, அந்த அரை நிமிஷம் அவளுக்கு ஆறுதலாக இருந்தது. சத்தம் போனதும் பயம் வந்தது. இயக்குநர் முகம், குழுத் தலைவரின் மூக்குக் கண்ணாடி, வராந்தாவில் முணுமுணுப்பு, செல்வநாயகி மேடம் போட்ட வார்த்தையாம் என்று, அந்த 'மேடம்' என்பதில் ஒரு ராகம் இருக்கும், அதை இப்போதே கேட்க முடிந்தது. எல்லாவற்றையும்விட ஜெசிந்தா. அவள் ஒன்றும் சொல்ல மாட்டாள், அதுதான் கஷ்டம், "சரி மேடம்" என்பாள், அன்றைக்குச் சொன்ன அதே சரி மேடம். மானம் போகும். போகட்டும் என்று சொல்ல வாய் வரவில்லை, அவளுக்கு மானம் வேண்டும், அதை வைத்துத்தான் இருபத்தொன்பது வருஷம் ஓட்டியிருக்கிறாள், பத்தாயிரம் படிவம் பார்த்திருக்கிறாள், ஒரு எண்ணுக்காகக்கூடக் காசு வாங்கித் தின்றதில்லை, ஒரு மந்திரி வீட்டு ஆள் போனில் கத்தியபோது எண்ணை மாற்ற மாட்டேன், வேண்டுமானால் என்னை மாற்றிக்கொள்ளுங்கள் என்றவள் அவள்தான், மாற்றவும் மாற்றினார்கள், எட்டு மாதம் தர்மபுரி. அந்த செல்வநாயகி வேறு, இப்போது மந்தம் என்று ஒரு சாக்குத் தேடுகிற இவள் வேறா? கிண்டியில் கூட்டம் நெருக்கியது. எங்கோ வாய்க்காலின் மேல் ஒரு பாலம் நிற்கிறது, பிள்ளைகள் அதில் நடக்கிறார்கள், ஒரு கோடியே பன்னிரண்டு லட்சம், மாநிலத்தின் எந்தக் கணக்கிலும் அந்தப் பாலத்துக்குக் கொடுத்தவன் இல்லை, அவள் கேட்ட கேள்வியில் அதற்கு இடமே இல்லை, கொடுக்காத நாற்பது லட்சத்தைக் கொடையென்று எண்ணிவிட்டு, கொடுத்த பாலத்தை விட்டுவிட்டது அவள் வரிசை. இந்த ஒன்றில்தான் அவளுக்கு உண்மையாகவே வலித்தது. எண் பொய்யானதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம்போல, கண் தெரியாமல் போனதைப் பொறுக்க முடியவில்லை, அதற்கென்றே கட்டிய ஜன்னல் அல்லவா. சைதாப்பேட்டைப் பாலத்தில் வண்டி மெதுவாகப் போனது, கீழே அடையாறு கறுப்பாக ஓடிற்று. அப்புறம் ஒரு விஷயம் தோன்றியது, தோன்றியதும் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள், ஆறு வருஷமாக எட்டுப் பேர், இரண்டு ஆலோசகர், ஒரு குழு, யார் கண்ணிலும் படாத இந்தத் தப்பைக் கண்டுபிடிக்கக்கூட அவள்தான் வேண்டியிருந்திருக்கிறது. நாற்பது லட்சத்துக்கு யாருக்கு என்ன கொடுத்தீர்கள் என்று வேறு எந்த அதிகாரி கேட்டிருப்பான்? இதற்கும் பெருமையா என்று மனசுக்குள் ஒருத்தி கேட்டாள். ஆமாம், இதற்கும்தான் என்றாள் செல்வநாயகி. மாம்பலத்தில் பாதிப் பெட்டி இறங்கியது.

நுங்கம்பாக்கத்தில் இறங்கியதும் நடைமேடையிலேயே நின்று ஜெசிந்தாவைக் கூப்பிட்டாள், படியேறி விட்டால் மனசு மாறிவிடுமோ என்று ஒரு பயம். "ஸ்லைடெல்லாம் ரெடி மேடம்" என்றது குரல். "அதை ஓரமா வை. தமிழ்ப் படிவம் அத்தனையையும் விலக்கிட்டு பதினோராவது வரிசையை மறுபடி போடு." "அத்தனையுமா மேடம்? அறுநூத்து நாப்பது இருக்கு." "அத்தனையும். அதுல இருக்கிறது கொடுத்த கணக்கில்ல, பங்கு மூலதனம் ஏறி இறங்கின கணக்கு. மாற்றம்னா சேஞ்சுன்னு படிச்சிருக்காங்க." செல்வநாயகி கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள், "நீ அன்னிக்கே சொன்ன. ரெண்டு வரி எழுதிக்கூடக் குடுத்த, பென்சில்ல. நான்தான் அடிச்சேன். நீ சொன்னது சரி, நான் பண்ணினது தப்பு." "நான் எழுதினேனா?" என்றாள் ஜெசிந்தா, நிஜமாகவே யோசித்து. "எனக்கு ஞாபகமே இல்ல மேடம்." செல்வநாயகிக்கு ஒரு கணம் ஏமாற்றமாகக்கூட இருந்தது, அந்த இரண்டு வரியை ஒரு எழுத்து விடாமல் மனப்பாடமாக வைத்திருந்தது அடித்தவள் மட்டும்தானா. "எனக்கு இருக்கு. எழுதிக்கோ" என்று நடைமேடை இரைச்சலில் வார்த்தை வார்த்தையாகச் சொன்னாள், திரும்பக் கேட்காமல் என்பதை இரண்டு முறை சொன்னாள். ஜெசிந்தா எழுதிக்கொண்டு, "நல்லாத்தான் இருக்கு மேடம்" என்றாள். அலுவலக வராந்தாவில் தாமோதரன் அவளை மறித்து, விஷயம் கேட்டு, நெற்றியைத் தேய்த்து, குரலைத் தணித்துக்கொண்டார், "எண்ணூறு பிரதி அடிச்சு வச்சிருக்கேன்மா. யாரும் கண்டுபிடிக்கலல்ல? அடுத்த வருஷம் மெதுவா சரி பண்ணிக்கலாம்." "யாரும் கண்டுபிடிக்கலன்னு சொல்லாதீங்க சார்" என்றாள் செல்வநாயகி, "நான் கண்டுபிடிச்சிருக்கேன்." அவர் வழிவிட்டார், அவள் நின்ற நிற்பில் வேறென்ன செய்வது. பதினோரு மணிக்கு அவள் குழுவின் முன்னால் எழுந்தாள். வார்த்தை எப்படிப் பிறந்தது, யார் போட்டது, விளக்கத்தை யார் அடித்தது, யார் எப்படிப் படித்தார்கள் எல்லாம் சொன்னாள், என்னால் என்று சொல்ல வேண்டிய இடத்தில் எங்களால் என்று சொல்லவில்லை. அடுத்த படிவத்தில் போகவிருக்கும் கேள்வியைப் படித்துக் காட்டி, எழுதியவர் ஜெசிந்தா என்றாள், கணினிக்குப் பின்னால் அந்தப் பெண்ணின் காது சிவந்தது. பிறகு எண்ணைச் சொன்னாள், இப்போதைக்கு நிச்சயமாகத் தெரிந்தது நாற்பத்தொரு கோடி. அறையில் பேப்பர் புரளும் சத்தம் கேட்டது. தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், நூற்றுப் பதினேழை எதிர்பார்த்து வந்தவர், கொஞ்சம் பரிதாபமாகவே கேட்டார், "அவ்வளவுதானா அம்மா?" "அவ்வளவும் கொடுத்தது சார்" என்றாள் செல்வநாயகி. "ஒரு ரூபா திரும்பி வராது." சொல்லிவிட்டு உட்காரவில்லை, அடுத்த கேள்வி வரட்டும் என்று நின்றாள்.